என் வக்கீல் மீது பார் கவுன்சில் நடவடிக்கை எடுத்ததா? எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு கேட்டு அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். முதல்நிலைத் தீர்ப்பாணை எனக்குச் சாதகமாக வந்து, இப்போது இறுதித் தீர்ப்பாணை மனு நடக்கிறது. வீட்டை அளந்து பிரிக்க வக்கீல் கமிஷனர் வருவார், அதற்கு நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்கிறார் என் வக்கீல். போன வாய்தா அன்று கோர்ட் எதிரே டீக்கடையில் ஒருவர், "அவரா? அவரைப் பார் கவுன்சில் ஒரு தடவை சஸ்பெண்ட் பண்ணினாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அங்கே வக்கீலின் பெயரைத் தட்டினால் எந்த வருஷம் என்ன தண்டனை என்பதுவரை வந்துவிடுமாம். இங்கே அவனும் தேடினான், நானும் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் அவர் மேல் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நேராகக் கேட்டால் கோபித்துக்கொண்டு வழக்கைக் கெடுத்துவிடுவாரோ என்றும் பயம்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

எடுத்துக்கொள்ள முடியாது அம்மா. உங்கள் மகன் சொல்வது சரி. கலிஃபோர்னியா மாநில பார் அமைப்பின் தளத்தில் வக்கீலின் பெயரையோ எண்ணையோ போட்டால் அவர் இப்போது தொழில் செய்யத் தகுதியுள்ளவரா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது திரையில் வரும். நம் நாட்டில் ஒரு வக்கீலின் தண்டனை வரலாற்றை அப்படிக் காட்டும் தேடுதளம் பொதுமக்களுக்கு இல்லை. இங்கே கூகுளில் ஒன்றும் வரவில்லை என்றால் கூகுளில் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

ஆனால் பதிவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 41-ஆவது பிரிவைத் தொழிலில் உள்ளவர்களிலேயே பலர் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வக்கீலைக் கண்டித்தோ இடைநீக்கம் செய்தோ உத்தரவு வந்தால், மாநில பார் கவுன்சில் வைத்திருக்கும் வக்கீல் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அந்தத் தண்டனையைக் குறித்து வைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பெயரை நீக்கும்படி உத்தரவானால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிட வேண்டும். இடைநீக்கமோ பெயர் நீக்கமோ எதுவானாலும், அவருக்குக் கொடுத்த பதிவுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே டீக்கடையில் நீங்கள் கேட்டது உண்மையாக இருந்தால், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் அலுவலகத்தில் அது எழுத்தில் இருக்க வேண்டும். அதை உங்கள் கைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில் வேண்டியது அவருடைய பதிவு எண். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். நம் பெயர்களில் ஒரு எழுத்து இனிஷியலும் ஒரு பெயரும்தான் இருக்கும். ஆர். செந்தில்குமார், எஸ். முருகேசன் என்று ஒரே மாவட்டத்தில் நாலைந்து வக்கீல்கள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டிஎச் போடுவார். யாரோ ஒரு முருகேசனுக்கு வந்த தண்டனையை உங்கள் முருகேசன் தலையில் கட்டிவிடக் கூடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்தில் அவர் பெயருக்குக் கீழேயோ ரப்பர் ஸ்டாம்பிலோ பதிவு எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் எம்எஸ் என்று தொடங்கி, ஒரு எண், சாய்கோடு, பதிவான ஆண்டு என்று வரும். கேஏஆர் என்று தொடங்கினால் கர்நாடகத்தில் பதிவானவர், கே மட்டும் என்றால் கேரளம். வேறு மாநிலப் பதிவு என்றால் கேள்வியும் அந்த மாநில பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும், சென்னையில் பதில் கிடைக்காது. வக்காலத்து நகல் உங்களிடம் இல்லையென்றால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வழக்கு, உங்கள் வக்காலத்து. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எண் கிடைத்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பார் கவுன்சில் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. மனுவைப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். எந்த வடிவில் கட்டுவது என்று அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு அனுப்பினால் மனு திரும்பி வராது.

இதில் முக்கியம், என்ன கேட்கிறோம் என்பதுதான். பெரும்பாலானவர்கள் "இன்னார் மீது எத்தனை புகார் வந்திருக்கிறது, விவரம் தரவும்" என்று எழுதுகிறார்கள். அது கிடைக்காது. கிடைத்தாலும் பயன் குறைவு. தோற்றுப்போன ஒவ்வொரு கட்சிக்காரரும், எதிர்த்தரப்பில் நின்ற ஒவ்வொரு அண்ணன் தம்பியும் வக்கீல் மீது புகார் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். நல்ல வக்கீல், அதிலும் குடும்பச் சொத்து வழக்கு நடத்துகிற வக்கீல், முப்பது வருஷம் தொழில் செய்து ஒரு புகார்கூட வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடந்துகொண்டிருக்கும் விசாரணையைப் பற்றிக் கேட்டால், வெளியிட்டால் விசாரணை கெடும் என்று சொல்லி மறுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது முடிந்துபோன உத்தரவு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எம்எஸ் — / — என்ற பதிவு எண் கொண்ட வழக்கறிஞர் இன்றைய தேதியில் தங்கள் பதிவேட்டில் தொழில் செய்யத் தகுதியுள்ளவராக இருக்கிறாரா என்ற தகவலும், வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 41-இன்படி அவர் பெயருக்கு எதிரே ஏதேனும் தண்டனை குறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவின் நகலும், அதற்கு அடிப்படையான, பிரிவு 35-இன் கீழ் பிறப்பிக்கப்பட்ட இறுதி உத்தரவின் நகலும், அந்த உத்தரவின் மீது மேல்முறையீடோ தடை உத்தரவோ இருப்பதாகத் தங்கள் கோப்பில் இருந்தால் அதன் விவரமும் வழங்கக் கோருகிறேன். மேற்படி வழக்கறிஞர் என் வழக்கில் எனக்காக வக்காலத்து தாக்கல் செய்தவர் என்பதால் இத்தகவல் எனக்குத் தேவைப்படுகிறது."

கடைசி வரியைக் கவனியுங்கள். தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் சட்டம். ஆனாலும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. மறுப்பு வருமானால் "இது தனிநபர் தகவல்" என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டித்தான் வரும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை போன்றவை அவருக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்ட தனிநபர் தகவல் என்று சொல்லிவிட்டது. அதை எல்லா இடத்திலும் நீட்டுகிறார்கள். போதாததற்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த 8(1)(ஜே) பிரிவையே சுருக்கி, மறுப்பவர்களுக்கு இன்னும் வசதி செய்து கொடுத்திருக்கிறது. என் வாதம் இது: வக்கீல் யாருடைய ஊழியரும் இல்லை. பொதுமக்களுக்காக வாதாட அரசுச் சட்டம் கொடுத்த உரிமத்தில் தொழில் செய்கிறவர். அந்த உரிமத்தின் நிலை என்ன என்பது அவருடைய வீட்டு விவகாரம் ஆகாது. பதிவேட்டில் தண்டனையை எழுது என்று நாடாளுமன்றமே சொல்லியிருக்கும்போது, அந்தப் பதிவைக் கட்சிக்காரருக்குக் காட்ட மாட்டேன் என்பது பொருந்தாது. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்குப் பெற்ற தகவலையும் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இப்போதும் உயிரோடு இருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதை நம்பி இறுதித் தீர்ப்பாணையை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே வேறு வாசல்களையும் கையோடு தட்டிவிட வேண்டும்.

டெல்லி வாசல் ஒன்று இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைப் புகாரை மாநில பார் கவுன்சிலின் குழு ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வழக்கறிஞர் சட்டத்தின் 36-பி பிரிவின்படி அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிப்போகும். ஓராண்டுக்குள் முடிவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சிவில் வழக்கு நடத்துகிறவர். அப்படி மாறிய வழக்குகளின் இறுதி உத்தரவு டெல்லியில்தான் பிறக்கும். மாநிலக் குழுவின் தண்டனையை எதிர்த்து 60 நாளுக்குள் செய்யும் மேல்முறையீடும் அங்கேதான். அதற்கும் மேலே, இன்னொரு 60 நாளுக்குள், உச்ச நீதிமன்றம். அதனால் அதே மனுவின் இன்னொரு பிரதியை, இன்னொரு பத்து ரூபாயோடு, இந்திய பார் கவுன்சிலின் தகவல் அலுவலருக்கும் அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மூன்று இடத்தில் மூன்று பதில் இருக்கக்கூடிய விஷயம் இது. சென்னை வக்கீல் ஒருவரின் வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. பெயர் இங்கே தேவையில்லை, சட்டக் கல்லூரியில் தொழில் ஒழுக்கப் பாடம் படித்த எவருக்கும் தெரியும். காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். வக்கீல் பணத்தை வாங்கிக்கொண்டார், வழக்கைப் போடவில்லை, போட்டுவிட்டதாக அவர்களை நம்பவைத்தார், காலவரம்பு கடந்துபோயிற்று. தமிழ்நாடு பார் கவுன்சிலின் குழு ஆறு ஆண்டு இடைநீக்கம் என்றது. டெல்லி அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் தண்டனைக்குப் புது உருவம் கொடுத்தார்: இடைநீக்கக் காலத்தை இன்னும் சுருக்கி, பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவிப் பணி செய்யவும் சொன்னார். மாநில உத்தரவை மட்டும் பார்த்தவர் "ஆறு வருஷம்" என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பார். சில வழக்குகளில் உத்தரவே மேலே ரத்தாகிவிடும். மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது, தனியாகத் தடை வாங்க வேண்டும். அதனால்தான் மனுவில் மேல்முறையீட்டையும் தடையையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.

"சஸ்பெண்ட்" என்ற சொல் நம் கோர்ட் வளாகங்களில் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று, மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு சாட்சி விசாரித்து, வக்கீலின் பதிலையும் கேட்டு, 35-ஆவது பிரிவின்கீழ் கொடுக்கும் தண்டனை. அதுவே முழுமையான பதிவு. இன்னொன்று, வக்கீல் ஏதாவது கிரிமினல் வழக்கில் மாட்டினாலோ வேறு பெரிய சிக்கல் எழுந்தாலோ, விசாரணை முடியும்வரை தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் போடும் இடைக்காலத் தடை. இதைத்தான் பத்திரிகைகளில் பெயரோடு பார்க்கிறோம். முதல் வகை பெரும்பாலும் செய்தியே ஆவதில்லை. இரண்டாவது வகை கொட்டை எழுத்தில் வரும், பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டால் அது ஒரு வரியாகக்கூட வராது. 2016 ஜூலையில், உயர்நீதிமன்றம் கொண்டுவந்த விதித் திருத்தங்களை எதிர்த்துத் தமிழ்நாட்டு வக்கீல்கள் போராடியபோது, இந்திய பார் கவுன்சில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் இடைநீக்கம் செய்தது. பின்னர் அந்த உத்தரவுகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அந்தப் பட்டியலில் இருந்தவர்களைப் பற்றியும் இன்று எவரேனும் ஒரு டீக்கடையில் "அவரை சஸ்பெண்ட் பண்ணினாங்களே" என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் கட்சிக்காரர் பணத்தைத் தின்றவரும் போராட்டத்தில் கோஷம் போட்டவரும் ஒன்றாகிவிடுவார்களா? உங்கள் டீக்கடை நண்பர் எதைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய தேடல் ஒன்று உண்டு. பார் கவுன்சில் நடவடிக்கைக்கு ஆளாகும் வக்கீல்கள் சும்மா இருப்பதில்லை. உயர்நீதிமன்றத்தில் ரிட், அதாவது இதுபோன்ற அமைப்புகளின் நடவடிக்கையை எதிர்க்கும் மனு, போடுவார்கள், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. புகார் கொடுத்தவரும், நடவடிக்கை எடுக்கவில்லை என்று ரிட் போடுவதுண்டு. இரண்டிலும் பார் கவுன்சிலின் செயலாளர் எதிர்மனுதாரராக இருப்பார். தீர்ப்புகளை இலவசமாகத் தேடித் தரும் இந்தியன் கானூன் தளத்தில் வக்கீலின் பெயரையும் பார் கவுன்சில் ஆஃப் தமிழ்நாடு என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போட்டுத் தேடச் சொல்லுங்கள் உங்கள் மகனை. பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலிலும், இனிஷியலோடும் இல்லாமலும் தேட வேண்டும். வக்கீலாக ஆஜரானதாக அவர் பெயர் வரும் தீர்ப்புகள் நூறு இருக்கும், அவற்றைத் தள்ளுங்கள். மனுதாரராகவோ எதிர்மனுதாரராகவோ அவரே இருக்கும் தீர்ப்புகளே நமக்கு வேண்டியவை. உயர்நீதிமன்றத் தளத்திலும் உச்ச நீதிமன்றத் தளத்திலும் தீர்ப்புகளைத் தேடலாம். நீதிமன்ற அவமதிப்பில் தண்டனை பெற்றிருந்தாலும் இதே வழியில் தெரியும். அவமதிப்புக்குத் தண்டனை கொடுக்கும் அதே தீர்ப்பில் வக்கீலின் உரிமத்தையும் நீதிமன்றம் பறித்துவிட முடியாது, அது பார் கவுன்சிலின் வேலை என்று 1998-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அதனால் அந்தத் தண்டனை பதிவேட்டில் இல்லாமல் தீர்ப்பில் மட்டும் இருக்கக்கூடும்.

பார் கவுன்சில் குழுக்களின் சில முடிவுகளை இந்திய பார் கவுன்சிலின் பருவ இதழிலும் வெளியிடுவார்கள். சட்ட மாணவர்களுக்கு அவை பாடம். ஆனால் பல முடிவுகளில் பெயருக்குப் பதில் எழுத்துத்தான் இருக்கும், ஒருவரைத் தேடிப் பிடிக்க உதவாது. நுகர்வோர் ஆணையப் பதிவுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு விஷயம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பார் கவுன்சில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு பதிவை முதலில் பார்ப்பேன். அது உங்கள் வழக்கின் தினசரி நடவடிக்கை. இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பது தேதிவாரியாக வரும். அவர் உங்களிடம் "ஜட்ஜ் லீவு" என்று சொன்ன நாளில் அங்கே "மனுதாரர் தரப்பு ஆஜரில்லை" என்று இருக்கிறதா? "எதிர்த்தரப்பு இழுக்கிறது" என்று சொன்ன நாளில் அவகாசம் கேட்டது நம் தரப்பா? அதே தளத்தில் வக்கீல் பெயரையோ பதிவு எண்ணையோ வைத்தும் அந்த நீதிமன்ற வளாகத்தில் அவர் நடத்தும் வழக்குகளைத் தேட முடியும். அதில் வழக்கு மேல் வழக்காக, ஆஜராகாததால் தள்ளுபடி என்று முடிந்திருந்தால், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஓர் இடைநீக்கத்தைவிட அது எனக்குப் பெரிய செய்தி. ஒன்றிரண்டு இருப்பது சகஜம். கட்சிக்காரரே வராமல் விட்ட வழக்குகளும் அப்படித்தான் முடியும்.

நாற்பதாயிரத்துக்கும் அங்கேயே விடை இருக்கும். கமிஷனரை நியமிப்பது நீதிமன்றம், அவருக்கு எவ்வளவு சம்பளம் என்று நிர்ணயிப்பதும் நீதிமன்றம். நியமன உத்தரவில் தொகை, அதை யார் கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது எழுதியிருக்கும். உத்தரவு தளத்தில் ஏறவில்லை என்றால் நகல் மனு போடுங்கள். உத்தரவே இன்னும் ஆகவில்லை என்றால், எந்தக் கணக்கில் நாற்பதாயிரம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தன் ஃபீஸும் அதில் சேர்த்தி என்று அவர் சொல்லக்கூடும், அது தவறில்லை, ஆனால் பிரித்துச் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்பதும், எது செலவுக்கு, எது ஃபீஸுக்கு என்று காட்ட வேண்டும் என்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, எதற்கு என்ற குறிப்போடு அனுப்புங்கள்.

நேராகக் கேட்கலாமா என்றால், கேளுங்கள். ஆனால் டீக்கடைப் பேச்சையே ஆதாரமாக வைத்துக் குற்றம் சாட்டுவதுபோல் கேட்க வேண்டாம். "ஐயா, உங்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. உங்களிடமே கேட்டுவிடலாம் என்று வந்தேன்" என்று தனியாக, குமாஸ்தாவோ மற்ற கட்சிக்காரர்களோ இல்லாத நேரத்தில் கேளுங்கள். தண்டனை இருந்து, முடிந்து, மறுபடி தொழிலுக்கு வந்தவர் என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுவார், எந்த வருஷம், என்ன விஷயம் என்று. அது பிறகு வரும் பதிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பொய்யான பேச்சு என்றால் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். எது எப்படியானாலும் பதில் கைக்கு வரும்வரை இந்தப் பேச்சைச் சொந்தபந்தத்தில் பரப்ப வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். நிரூபிக்க முடியாததைப் பரப்பினால் அவதூறு வழக்குப் போட அவருக்கு வழி தெரியும், அது அவர் தொழில்.

பதிலில் "இப்போது இடைநீக்கத்தில் இருக்கிறார்" என்று வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். இடைநீக்கக் காலத்தில் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் அவர் தொழில் செய்யக் கூடாது. அன்றே வேறு வக்கீலைப் பாருங்கள். பழைய தண்டனை, இப்போது தகுதியோடு இருக்கிறார் என்று வந்தால், எதற்காகத் தண்டனை என்பதைப் படியுங்கள். கட்சிக்காரர் பணத்தில் கைவைத்தது என்றால் நான் அவரிடம் தொடர மாட்டேன், எத்தனை வருஷம் ஆனாலும் சரி. சக வக்கீலோடு சண்டை, போராட்டம், விளம்பரம் செய்தது என்றால், உங்கள் வழக்கை ஒழுங்காக நடத்துகிறாரா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்வேன்.

மாற்றுவதென்று முடிவானால், பழைய வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் புது வக்காலத்து சுலபம். கொடுக்க மறுத்தால் புது வக்கீல் நீதிமன்ற அனுமதி கேட்டு மனுப் போடலாம், இது கோர்ட்டில் அன்றாடம் நடப்பதுதான். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாகத்தான் வசூலித்துக்கொள்ள வேண்டும். வழக்கைக் கெடுத்துவிடுவாரோ என்ற உங்கள் பயத்துக்கும் மருந்து இ-கோர்ட்ஸ்தான். மாற்றம் பதிவாகும்வரை ஒவ்வொரு வாய்தா அன்றும் மாலையில் ஒருமுறை பாருங்கள். நம் தரப்பு ஆஜராகாமல் மனு தள்ளுபடியாகிவிட்டால் மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போட முப்பது நாள்தான் அவகாசம். அந்த முப்பது நாளைத் தெரியாமல் விட்டவர்களே பிறகு அலைகிறார்கள்.

பதிவு எண்ணை எடுக்க வக்காலத்து நகல் மனுவை அடுத்த வாய்தாவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். கமிஷனர் நியமன உத்தரவுக்கும் அதே நாளில் நகல் மனு கொடுத்துவிட்டால், கோர்ட்டுக்கு ஒரு நடை மிச்சம்.